பச்சரிசி மாவு, கோழிக் கால் நரம்பு, ஒரு கண்ணாடிக் குழாய்: சாக்ஸ் கேமராவை எழுப்பிய ஏழு வாரம்

எங்கள் துறையின் பின்னறையில் ஒரு சாக்ஸ் கேமரா, அதாவது ஒருவகை எக்ஸ்-கதிர்க் கருவி, இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் போர்வைக்குள் கிடந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மாணவர் முனைவர் பட்டம் முடித்துப் போனார். அவரோடு சாவி, பாஸ்வேர்ட், பொறுமை மூன்றும் போய்விட்டன. போன டிசம்பரில் உணவு அறிவியல் துறையிலிருந்து ஒரு மாணவி வந்து, “அக்கா, பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள ஸ்டார்ச் அடுக்குல வித்தியாசம் பாக்கணும். உங்ககிட்ட மெஷின் இருக்குன்னாங்க” என்றாள். இருக்கிறது, ஆனால் ஓடாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பார்ப்போம் என்றேன்.

ஏழு வாரம் பிடித்தது. அதில் திருகாணி, பம்ப், தண்ணீர்க் குழாய் என்று கருவியோடு மல்லுக்கட்டியது மூன்று வாரம்தான். மீதி நாலு வாரமும் காலிக் குழாய், வெறும் தண்ணீர், வெறும் பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) என்று ஒன்றுமில்லாதவற்றை அளந்தே போனது. நான் தொடங்கும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

சாக்ஸ் என்றால் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல். சாதாரண எக்ஸ்-கதிர் டிஃப்ராக்‌ஷனில் பெரிய கோணங்களில் விழும் உச்சிகளைப் பார்ப்போம். அவை அணுக்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்பவை. சிதறும் பொருள் பெரிதாக ஆக, கோணம் சுருங்கும். ஒன்றிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரையிலான சங்கதி (ஒரு புரதம், ஒரு ஸ்டார்ச் அடுக்கு, ஒரு கூழ்மத் துகள்) எல்லாம் நேர்க்கற்றையின் காலடியிலேயே, நாலைந்து டிகிரிக்குள் விழுந்துவிடும். நேர்க்கற்றையோ சிதறலைவிடப் பல லட்சம் மடங்கு பிரகாசம். மத்தியானச் சூரியனுக்குப் பக்கத்தில் பறக்கும் கொசுவைப் பார்ப்பது மாதிரியான வேலை. கையால் சூரியனை மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்தக் கை தான் பீம்ஸ்டாப்.

இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் (பிரகாசமான எக்ஸ்-கதிர் தரும் பெரிய முடுக்கி) இதற்கென்றே ஒரு கற்றைத்தடம் இருக்கிறது. அங்கே சீக்கிரம் முடிகிற அளவீட்டுக்கு எங்கள் எக்ஸ்-கதிர்க் குழாய்க்கு மணிக்கணக்கு ஆகும். ஆனால் எங்களுடையது பின்னறையில் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்குத் தோன்றினாலும் போய் ஓட்டலாம்.

முதலில் தண்ணீர். எங்கள் எக்ஸ்-கதிர் ஊற்று ஒரு சாதாரண செம்பு இலக்குக் குழாய், 40 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியர். பெருக்கினால் 1.2 கிலோவாட். அதில் எக்ஸ்-கதிராக மாறுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டைத் தண்ணீர் கொண்டுபோகாவிட்டால் செம்பு உருகிவிடும் என்பதால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ஓடினால்தான் உயரழுத்தம் போடுவேன் என்று ஒரு சென்சார் காவல் நிற்கிறது. தண்ணீரைக் குளிர்வித்து ஓட்டும் சில்லர் எந்திரத்தைப் போட்டதும் அது கத்தியது. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி, கோவில் குளத்துப் படிக்கட்டு மாதிரி. வடிகட்டியை மாற்றி, தொட்டியைக் கழுவி, வாலை வடித்த தண்ணீர் ஊற்றி, பாசிக்கொல்லி இரண்டு சொட்டு விட்டபின் ஓட்டம் வந்தது.

அடுத்து, இரண்டு வருடம் தூங்கிய குழாயை எடுத்த எடுப்பில் 40க்கு ஏற்றக் கூடாது. உள்ளே வெற்றிடம் கொஞ்சம் கெட்டிருக்கும், பொறி பறந்துவிடும். 20 கிலோவோல்ட், 5 மில்லிஆம்பியரில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் கால் மணி நேரம் விட்டு, முழு அளவுக்கு வர ஒரு முழுநாள் எடுத்துக்கொண்டேன். உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜை மாட்டிக்கொண்டு, கதிர்க்கசிவைக் காட்டும் சர்வே மீட்டரால் உறையின் நாலு மூலையையும் கதவு இடுக்கையும் தடவிப் பார்த்தேன். பின்னணி அளவுதான். இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போடுபவர்களோடு எனக்கு ஒத்துவராது.

பிறகு வெற்றிடம். மாதிரியிலிருந்து டிடெக்டர் வரை எங்களிடம் சுமார் 70 செ.மீ. குழாய். அதில் காற்று இருந்தால் செம்பின் கதிரில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அதைவிடக் கொடுமை, காற்றே சிதறும். பம்பைப் போட்டேன். வெற்றிடத்தை அளக்கும் பிரானி மானி 0.8 மில்லிபாரில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. 0.05க்குக் கீழே போக வேண்டும். பம்ப் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது, ஈரப்பதம் குடித்திருக்கிறது. எண்ணெயை மாற்றி, ஈரத்தை வெளியேற்றும் கேஸ் பேலஸ்ட் வால்வைத் திறந்து அரைமணி நேரம் ஓட்டியும் 0.6தான்.

எங்கள் பட்டறை அண்ணன் வந்து பார்த்தார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேட்டார். கொசுமருந்து அடிக்கிற மாதிரி ஒவ்வொரு இணைப்பிலும் சிறிது பீய்ச்சி, மானியைப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது இணைப்பில் அடித்ததும் முள் துள்ளியது.

“இந்தா, இங்கதான் குடிக்குது. கழட்டும்மா.”

கழற்றினேன். இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் குறுக்காக ஒரு தலைமுடி. நீளத்தைப் பார்த்தால் அண்ணனுடையது இல்லை. எனக்கு முன்னால் இருந்த மாணவருடையதும் இல்லை. போன வாரம் நான்தான் அதைத் திறந்து மூடினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, என் தலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கொண்டை போட்டுக்கொண்டுதான் அந்த அறைக்குள் போகிறேன். முடி எடுத்து, ஓ-ரிங்குக்கு வேக்கம் கிரீஸ் மெல்லிசாகத் தடவியதும் 0.03.

கற்றையை நேராக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு கருவிக்கும் அது வேறு வேறு. எங்களுடையதில் மூன்று ஊசித்துளைகள். முதல் இரண்டும் கற்றையை மெலிதாக்கும். இரண்டாவதின் விளிம்பே சிதறும். அந்தச் சிதறலை வெட்டத்தான் மூன்றாவது. அது கற்றையைத் தொடவும் கூடாது, தள்ளி நிற்கவும் கூடாது. மாதிரி ஏதும் வைக்காமல் பத்து நிமிடம் எடுத்த படத்தில் பீம்ஸ்டாப்பின் வலது பக்கம் மட்டும் ஒரு வால் தெரிந்தால், மூன்றாவது துளை அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். மைக்ரோமீட்டர் திருகில் அரைக்கோடு, அரைக்கோடாக நகர்த்தி வாலைக் கொன்றேன். இரண்டு நாள் போனது.

இனி அளவுகோல். சாக்ஸில் கிடைமட்ட அச்சு கோணம் இல்லை, க்யூ. நாலு பை பெருக்கல் பாதிக்கோணத்தின் சைன், வகுத்தல் அலைநீளம். செம்புக்கு அலைநீளம் 0.154 நானோமீட்டர். (இந்தப் பதிவு முழுக்க க்யூவின் அலகு நானோமீட்டரின் தலைகீழ்.) கோணம் சரியாகத் தெரிய, மாதிரிக்கும் டிடெக்டருக்கும் உள்ள தூரம் தெரிய வேண்டும். டேப் வைத்து அளந்தேன்: 700 மி.மீ.

டேப்பை நம்பக் கூடாது. சில்வர் பெஹனேட் என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. அதன் அடுக்குகளின் இடைவெளி 5.838 நானோமீட்டர், முதல் வளையம் க்யூ 1.076இல் விழும். எங்கள் டிடெக்டரின் ஒரு பிக்சல் 0.172 மி.மீ. வளையத்தின் ஆரம் 110 பிக்சல் வந்தது. அதாவது 18.92 மி.மீ. திருப்பிக் கணக்குப் போட்டால் தூரம் 716 மி.மீ. டேப்புக்கும் இதற்கும் 16 மி.மீ. வித்தியாசம்! மாதிரி அறையின் வெளிச்சுவரிலிருந்து அளந்துவிட்டேன். மாதிரி அதற்கு உள்ளே தள்ளி இருக்கிறது. டிடெக்டரின் சென்சாரும் முகமூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டேப்பை வைத்தே போயிருந்தால் நான் அளக்கும் ஒவ்வொரு நீளமும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தப்பாகியிருக்கும். படத்தை வளைகோடாக மாற்ற, கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் மையத்தில் உருவான பைஃபாய் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம்.

ஒரே வளையத்தை மட்டும் நம்ப மனசு வரவில்லை. பீம்ஸ்டாப்புக்குப் பக்கத்திலும் அளவு சரியா என்று பார்க்க, இன்னும் பெரிய இடைவெளி உள்ள ஒன்று வேண்டும். கொலாஜன் அதற்குத் தோது. ஈரமான தசைநாணில் அதன் இழைகள் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை அச்சு பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். ஆய்வகங்களில் எலிவாலில் இருந்து எடுப்பார்கள். எனக்கு எலியைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை, எதிரே கோழிக்கடை.

“பாய், காலுக்குள்ள வெள்ளையா, கயிறு மாதிரி ஒண்ணு இருக்கும்ல, தசைநாண். அது வேணும்.”

“நரம்பா? சொல்லுங்க. எவ்வளவு கிலோ?”

ஒரு காலே போதும் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். பிராய்லர் கோழியே நல்லது. வயதான பறவையின் கால் தசைநாணில் சுண்ணாம்பு ஏறி எலும்பு மாதிரி ஆகியிருக்கும், சிதறல் குழம்பும். உப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு செ.மீ. நீளம் நறுக்கி, லேசாக இழுத்து, காய்ந்துவிடாமல் இரண்டு காப்டன் (எக்ஸ்-கதிரை விடும் பிளாஸ்டிக்) தாள்களுக்கு நடுவே வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தசைநாணின் நீளவாக்கில் ஏணிப்படி மாதிரி கோடுகள் வந்தன. முதற்படி பீம்ஸ்டாப்புக்குப் பின்னால் போய்விட்டது. எங்களால் க்யூ 0.15க்குக் கீழே பார்க்க முடியாது. மூன்றாவதும் ஐந்தாவதும் பளிச். இரண்டும் நாலும் மங்கல். ஒவ்வொரு 67 நானோமீட்டரிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக அடர்த்தியாகவும் மீதி இடைவெளியாகவும் இருப்பதால் இரட்டைப்படை வரிசைகள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூன்றாம் படி 28.7 பிக்சலில் வர வேண்டும். வந்தது. 716 சரிதான். மறந்துபோய் மறுநாள் வரை திறந்தே விட்ட துண்டை அளந்தால் 65க்குக் கீழே இறங்கியிருந்தது. கருவாடாகிவிட்டது.

இப்போது அந்த மாணவியின் அரிசி. இரண்டு அரிசியையும் தனித்தனியாக ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, மாவுப்பாலைப் படியவிட்டு எடுத்து வந்திருந்தாள். காய்ந்த பொடியை வைத்ததும் வெறும் சரிவுதான் வந்தது, உச்சி ஒன்றும் இல்லை. க்யூ கூடக் கூட அதன் நாலாம் அடுக்கின் தலைகீழாக விழும் சரிவு. கூரான மேற்பரப்பு உள்ள எதற்கும் இது வரும் என்று 1950களின் தொடக்கத்தில் குந்தர் போரோட் காட்டினார். மாவுத்துகளின் தோலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், உள்ளே போகவில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

தண்ணீர் ஊற்றிக் குழை என்றேன். ஸ்டார்ச் துகளுக்குள் படிகப் பட்டையும் படிகமில்லாப் பட்டையும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஜோடியின் தடிமன் சுமார் 9 நானோமீட்டர். அரிசி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே 9தான். காய்ந்திருக்கும்போது அடுக்குகள் வரிசை கலைந்து கிடக்கும். தண்ணீர் உள்ளே போனதும் இளகி, அணிவகுப்பில் நிற்கும். குழைத்ததை 1 மி.மீ. தடிமனுள்ள எஃகு வாஷரின் ஓட்டையில் அப்பி, இரு பக்கமும் காப்டன் டேப் ஒட்டினேன். ஹார்டுவேர் கடை வாஷரைவிட மலிவான மாதிரித் தட்டு உலகத்தில் கிடையாது. இரண்டு மணி நேரம். பச்சரிசிக்கு க்யூ 0.7இல் ஒரு மேடு, கண்ணுக்குத் தெளிவாக. இரண்டு பையை 0.7ஆல் வகுத்தால் 9 நானோமீட்டர். புழுங்கலுக்கு அந்த இடத்தில் சமவெளி; உற்றுப் பார்த்தால் ஒரு சின்னத் திமில், அவ்வளவுதான். நெல்லை அவிக்கும்போதே ஸ்டார்ச் வெந்து அடுக்கு குலைந்துவிடுகிறது. பச்சரிசி வாஷரையே வெந்நீரில் போட்டு எடுத்து அளந்தபோது அதன் மேடும் காணாமல் போனது. அவள் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

இவ்வளவு சுலபமாக வேலை முடிந்ததில் எனக்குத் தலைக்கனம் ஏறியது. அரிசி மேட்டுக்குப் பின்னணியைச் சரியாகக் கழிக்காவிட்டாலும் மேடு தெரியும். புரதக் கரைசலுக்கு அப்படி இல்லை. அது தெரியாமல் லைசோசைமை எடுத்தேன்.

கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம், 14,300 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). சாக்ஸ் கற்பவர்கள் எல்லோரும் அரிச்சுவடியாக அளக்கும் புரதம். புரதத்தின் எலக்ட்ரான் அடர்த்தி ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு சுமார் 0.43, தண்ணீருடையது 0.33. அந்த வித்தியாசம் மட்டும்தான் நமக்குத் தெரியும். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைசலில், கணக்குப்படி, மையத்தில் புரதத்தின் சிதறல் வெறும் தண்ணீரின் சிதறலைவிட மூன்று மடங்கு. க்யூ 2க்குப் போனால் தண்ணீரின் ஐந்தில் ஒரு பங்கு! இதற்கு மேல் குழாய்ச் சுவரின் சிதறல் வேறு. அதாவது பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சும் துளியைத்தான் முடிவு என்று எழுதுகிறோம்.

தயாரிப்பில் குறை வைக்கவில்லை. பஃபரில் டயாலிசிஸ் செய்து (புரதத்தைச் சவ்வுப் பையில் போட்டு ஊறவைத்து), பைக்கு வெளியே இருந்த அதே திரவத்தைத்தான் கழிப்பதற்கு எடுத்தேன். (இங்கே ஒரு குழி: ஆய்வகத்தில் வழக்கமாகக் கிடக்கும் டயாலிசிஸ் குழாய் 12,000 முதல் 14,000 டால்டன் வரை வெளியே விடும். லைசோசைம் அதில் கசிந்துவிடும். 3,500 உள்ளதை வாங்க வேண்டும்.) செறிவை 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை வைத்து அளந்தேன். இருபது மடங்கு நீர்த்துத்தான் அளக்க முடிந்தது, அவ்வளவு உறிஞ்சுகிறது. 1.5 மி.மீ. குவார்ட்ஸ் நுண்குழாய், சுவர் 0.01 மி.மீ. தண்ணீருக்கு 1 மி.மீ. தான் உகந்தது என்பார்கள், ஆனால் கணக்குப் போட்டால் 1.5இல் இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றில் பஃபர், ஒன்றில் புரதம். அரைமணிப் படங்கள் ஆறு ஆறு. கழித்தேன்.

அடுத்து கினியே வரைபடம். பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே கினியே 1930களின் கடைசியில் கண்டது: சிதறலின் மடக்கையை க்யூவின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் தொடக்கத்தில் நேர்க்கோடு வரும், அதன் சாய்விலிருந்து துகளின் சுழல் ஆரம் (அதன் பருமனுக்கு ஓர் அளவு) கிடைக்கும். க்யூவையும் ஆரத்தையும் பெருக்கினால் 1.3க்குள் இருக்கும் வரைதான் இது செல்லும். லைசோசைமுக்கு ஆரம் 1.4, 1.5 நானோமீட்டர் வர வேண்டும், ஆகவே க்யூ 0.9 வரை. எனக்கு நேர்க்கோடு வரவில்லை. இடது ஓரத்தில் கோடு மேல்நோக்கி வளைந்தது, பாம்பு தலை தூக்கின மாதிரி. வலுக்கட்டாயமாகப் பொருத்தினால் 2.3.

புத்தகம் படித்த எவரும் இதைப் பார்த்தவுடன் சொல்வது: புரதம் திரண்டுவிட்டது. நானும் அதைத்தான் சொன்னேன். 0.22 மைக்ரான் வடிகட்டி. பாம்பு அப்படியே. மையவிலக்கில் 20 நிமிடம். அப்படியே. புதிய பொட்டலம். அப்படியே. உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். பன்னிரண்டு நாள் இந்தப் புரதத்தை நான் திட்டாத திட்டு இல்லை. நீர்த்த கரைசலில் வளைவு இன்னும் மோசமானது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திரளல் என்றால் நீர்த்தால் பெரும்பாலும் குறையும், கூடாது.

கடைசியில் புரதம் தீர்ந்துபோனது. புதிதாக வர ஒரு வாரம். குழாயை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றும் சோம்பலில், சும்மா ஓடட்டும் என்று இரண்டு நுண்குழாயிலும் வெறும் பஃபரையே நிரப்பி இரவு முழுக்க விட்டேன். காலையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். பஃபரிலிருந்து பஃபரைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும்.

பாம்பு வந்தது.

புரதமே இல்லாத கரைசலில், அதே வளைவு, அதே இடத்தில். இரண்டு குழாய்கள். ஒரே பெட்டியில் வந்தவைதான். ஆனால் கையால் இழுத்த கண்ணாடி. ஒன்றின் சுவர் சற்றுத் தடிமன், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல், கற்றை விழும் இடம் ஒரு முடியளவு ஓரத்தில். கண்ணாடிப் பரப்பின் சிதறல் போரோட் சொன்ன அதே நாலாம் அடுக்குச் சரிவு, அதாவது சின்ன க்யூவில் மலை மாதிரி. இரண்டு மலைகளின் வித்தியாசம் நூற்றில் ஒன்றாக இருந்தாலும் என் புரதத்தின் தொடக்கத்தைத் தின்றுவிடும். புரதத்தை நீர்த்தபோது அது குறைந்தது, மலை குறையவில்லை. அதனால்தான் வளைவு கூடினது.

தீர்வு சின்னது. ஒரே ஒரு நுண்குழாயை எடுத்து, பித்தளைத் தாங்கியில் அரால்டைட் வைத்து அசையாமல் ஒட்டினேன். இரு முனையிலும் டெஃப்லான் குழாய், ஒன்றில் சிரிஞ்ச். இனி மாதிரி மாறும், கண்ணாடி மாறாது. வரிசை: காலி, தண்ணீர், பஃபர், புரதம், மறுபடி பஃபர். நடுவே சோப்புக் கரைசல், தண்ணீர், கொஞ்சம் காற்று. கடைசி பஃபர் முதல் பஃபரோடு பொருந்தவில்லையென்றால் புரதம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அந்த ஓட்டத்தைக் குப்பையில் போட வேண்டும். இரண்டு முறை போட்டேன். ஒரு முறை குமிழி. டார்ச் அடித்துப் பார்க்காமல் ஷட்டரைத் திறக்காதீர்கள். நூறு மைக்ரோலிட்டர் போதும், ஆனால் அவசரமாகத் தள்ளினால் குமிழி நிச்சயம்.

கழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அதனதன் ஊடுருவலால் வகுக்க வேண்டும். 1.5 மி.மீ. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கதிரை விடுகிறது. புரதமும் உப்பும் அதை லேசாக மாற்றும். அந்த லேசான மாற்றம்தான் க்யூ 2க்கு மேல் வளைகோடு மிதப்பதையோ முங்குவதையோ தீர்மானிக்கிறது.

புதிய புரதம் வந்தது. முதலில் உப்பே இல்லாமல் ஒரு ஓட்டம், ஆசைக்கு. இப்போது கோடு கீழ்நோக்கி வளைந்தது! இது நிஜமான சங்கதி. லைசோசைமின் சமமின் புள்ளி, அதாவது அதன் மொத்த மின்சுமை பூஜ்யமாகும் பிஎச், 11 பக்கம். எங்கள் அமில அசிடேட் பஃபரில் ஒவ்வொரு மூலக்கூறும் நேர்மின் சுமந்துகொண்டு மற்றதைத் தள்ளுகிறது. கரைசலுக்குள் ஒரு இடைவெளி ஒழுங்கு வந்துவிடுகிறது, சின்ன க்யூவில் சிதறல் அமுங்குகிறது. பேருந்தில் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நிற்க முயல்வது போல. 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்ததும் தள்ளல் பெரும்பாலும் மறைந்தது.

பிறகு மூன்று செறிவுகள். 12 மில்லிகிராமில் 1.33 நானோமீட்டர், 6இல் 1.39, 3இல் 1.42. மிச்சமிருக்கும் தள்ளல்தான் இந்தச் சரிவு. கோட்டைப் பூஜ்யச் செறிவுக்கு நீட்டினால் 1.45. வர வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. தூர வரைபடத்தின்படி மூலக்கூறின் அதிகபட்ச அகலம் நாலரை நானோமீட்டர் பக்கம். இந்த வேலைகளை எல்லாம் பயோஎக்ஸ்டாஸ் ரா என்ற இலவச மென்பொருளில் செய்தேன். ஹாம்பர்க்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகக் குழுவின் ஏட்சாஸ் தொகுப்பிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், விடை ஒன்றே.

இன்னொன்றும் பார்க்க ஆசை: எடை. அதற்கு அளவை வெறும் எண்ணிக்கையாக வைத்தால் போதாது, நிஜ அலகுக்கு மாற்ற வேண்டும். தண்ணீரே இங்கே படிக்கல். அதன் சிதறல் சின்ன க்யூவில் தட்டையானது. அதன் அமுக்கத்தன்மையிலிருந்து கணக்கிட்டே சொல்லிவிடலாம்: 20 டிகிரியில் ஒரு செ.மீ.க்கு 0.0163. தண்ணீர் நிரம்பிய குழாயிலிருந்து காலிக் குழாயைக் கழித்து, மிஞ்சிய மட்டத்தை அந்த எண்ணுக்குச் சமமாக்கினேன். அதே பெருக்கலைப் புரதத்துக்கும் போட்டால் 15,100 டால்டன். 14,300க்கு ஆறு சதவீதம் தள்ளி. செறிவை அளப்பதிலேயே அந்த அளவு பிழை வரும். எனக்கு இது போதும். இதைவிடத் துல்லியம் கேட்கும் ஆட்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிடம் போகட்டும்.

அரிசி மாணவி இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள். அவளுக்கு வாஷர் போதும். ஆனால் நான் சொல்லாமலே ஒவ்வொரு தொகுப்புக்கும் முன் தண்ணீர் மட்டும் வைத்த வாஷர் ஒன்றை ஓட்டுகிறாள்.

ஒட்டிவைத்த அந்த நுண்குழாய்க்கு ‘ஒன்று’ என்று எண் எழுதியிருந்தேன். சென்ற வியாழன் சிரிஞ்சை மாற்றும்போது டக்கென்று ஒடிந்தது. அதில் எடுத்த காலி, தண்ணீர், பஃபர் எல்லாம் இனி எதற்கும் உதவாது. ‘இரண்டு’க்கு நேற்று அரால்டைட் வைத்திருக்கிறேன், நாளைக் காலையில்தான் இறுகும். முதல் ஓட்டம், காலி.